அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது

“ஏனுங்க, இந்தக் கொக்கிய ஒரு நூல் தள்ளி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்குமுங்களே…” என்று பவுல்ராஜ் இழுத்தால், தையல் கடைப் பெஞ்சில் காத்திருக்கும் பெண்களுக்குப் புரிந்துவிடும், இப்போது படியிறங்கிப் போனது கோயம்புத்தூர்க்காரம்மா. “அண்ணே, என்னண்ணே இம்புட்டு லூசாத் தச்சிருக்கீக, உள்ள இன்னொருத்தி குடியிருக்கலாம் போலருக்கு!” என்றால் அது சிவகங்கைக்காரம்மா. ஆள் தெருமுனை திரும்புவதற்குள் அவள் குரல் மட்டும் கடைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸ் தெருவில் நடந்தாலே போதும், பத்து ஜில்லாவைப் பார்த்துவிடலாம். மைன்ஸில் வேலை கிடைத்து எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வந்து வருஷங்களாகி, பேச்சு தேய்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு டவுன்ஷிப் தமிழ் வந்துவிட்டது. ஆனால் குறை சொல்ல வாயெடுத்தால் மட்டும் சொந்த ஊர் எட்டிப் பார்க்கும். ஜாக்கெட் சரியில்லை என்று சொல்ல வரும்போதுதான் ஒரு பெண்ணின் உண்மையான ஜில்லா தெரியும் என்பது பவுல்ராஜின் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பில் தப்பில்லை. ஜில்லாவைக் கேட்ட காதில் குறை மட்டும் விழாமல் போனது.

பவுல்ராஜ் குறிஞ்சிப்பாடிக்காரர். மீசை முளைக்கும் வயதில் புதுச்சேரிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை காலர் மட்டும் தைப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர். “அந்தக் காலரு யார் கழுத்துல போயி உக்காந்துச்சின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது” என்பார். அந்த வெறுப்பில்தான் கல்யாணமான கையோடு டவுன்ஷிப் மார்க்கெட்டில் ஒரு சின்னக் கடை பிடித்தார். மனைவி வினோலியாவின் பெயரைப் பாதியாக நறுக்கி, ‘வினோ லேடீஸ் டைலர்ஸ்’ என்று போர்டு மாட்டினார். வெட்டுவதும் தைப்பதும் அவர். ஓரம் மடித்து எம்மிங் போடுவதும் கொக்கி கட்டுவதும் வினோலியா.

கடைக்கு ஒரே ஒரு சட்டம். “வாயால அளவு சொல்லாதீங்க. போன மாசத்து வாயி வேற, இந்த மாசத்து வாயி வேற. அளவு ஜாக்கெட்டக் குடுத்துட்டுப் போங்க. அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது.” நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு கொடுத்துவிட வேண்டும். அதை மேசைமேல் விரித்து டேப்பை ஓட்டினால் வேலை முடிந்தது. ஆம்பளை டைலர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கூச்சம் இல்லாததால் பெண்களுக்கும் அந்தச் சட்டம் பிடித்திருந்தது. அவர் வைக்கிற கழுத்து அவ்வளவு அழகு. அதற்காகப் பாதிப் பேர், சிரிப்புக்காகப் பாதிப் பேர் என்று பெஞ்ச் எப்போதும் நிறைந்திருக்கும்.

அந்தப் பெஞ்சில் முதல்முதலாக உட்கார்ந்தவர் ஜெயசெல்வி.

திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஆரோன் மைன்ஸில் ஷிப்ட் வேலை. கடை திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சாதாரணப் பூப்போட்ட துணியோடு வந்தார். தைத்து வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வந்தார். பவுல்ராஜ் பயந்துவிட்டார், ஏதோ குறை என்று. “ஏல பவுலு, கழுத்தப் பாத்தியா, அளவா அம்சமா உக்காந்துருக்கு. எங்க கொயர்ல அத்தன பேருக்கும் காட்டிட்டேன். ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சி எல்லாரும் வாராளுவ, ரெடியா இரி” என்றார். சொன்னபடியே ஒரு பாடகர் குழுவே வந்து வாசலில் நின்றது. அந்த வருஷம் முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொயர் பெண்களின் ஒரே நிற ஜாக்கெட்டுகள் அவர் கையில்தான்.

அவர் குரலைத்தான் பவுல்ராஜ் மிக நன்றாகப் பிடித்தார். கோபித்துக்கொள்ளவே மாட்டார் அந்தம்மா. புதிதாக யாரையாவது அழைத்து வந்தால், “ஏல, நான் எப்பிடிப் பேசுதேன்னு இவளுக்கு ஒருக்கா பேசிக் காட்டு” என்று கேட்பார். பவுல்ராஜ் பேசிக் காட்டுவார். ஜெயசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். ஒரு தடவை சிரித்து அடங்கியபின் சொன்னார், “என் மவ லிடியா கல்யாணத்துக்கு எனக்கு நீதாம்ல தைக்கணும். வேற எவன் கையும் படப்பிடாது, சொல்லிட்டேன்.”

“வெச்சிக்கலாம்க்கா. பொண்ணவிட பொண்ணோட அம்மாதான் அழகுன்னு ஊரு பேசுற மாதிரி தச்சிடறன்.”

போன வருஷம் நடுவில் சில மாதம் ஜெயசெல்வியைக் காணவில்லை. ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்றார்கள். தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள் திடீரென்று வந்து நின்றார். மெலிந்திருந்தார். தலையைச் சுற்றி முந்தானை. அது நழுவியபோது, உள்ளே முடி ஒரு விரல் நீளம்கூட இல்லை. அப்போதுதான் முளைத்துவரும் முடி.

பவுல்ராஜ் கத்தரியைக் கீழே வைத்தார். “மாதாவே! என்னாக்கா இது, மொட்டையா? எங்க ஆர்.சி. ஆளுங்கதான் வேளாங்கண்ணிக்கிப் போயி முடி குடுப்பாங்க. நீங்க சிஎஸ்ஐ ஆச்சே! திருட்டுத்தனமா எங்க மாதாகிட்ட வேண்டிக்கினு வந்துட்டீங்களா? பாதருக்குச் சொல்லட்டா, ஒரு குடும்பம் கட்சி மாறிடுச்சின்னு?”

பெஞ்ச் குலுங்கியது. குள்ளஞ்சாவடியிலிருந்து வாக்கப்பட்டு வந்த காந்திமதி, கடையின் நிரந்தர ரசிகை, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெயசெல்வியும் சிரித்தார். முந்தானையை மறுபடி தலையில் போட்டுக்கொண்டார்.

துணியைக் கொடுத்தார். அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தார். கொடுத்தவர் அதன் ஒரு ஓரத்தைக் கையிலிருந்து விடவில்லை.

“பவுலு, இதுல இருக்கறபடி வேண்டாம்ல. இந்த எடது கை… இப்ப இறுக்கும். இது மட்டும் கொஞ்சம் லூசா வேணும். பொறவு, முன்பக்கமும்…”

“ஒரு கை மட்டும் லூசா?”

“ஆமால. ஒரு பக்கம் மட்டும்…”

பவுல்ராஜ் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்ச் அவரைப் பார்த்தது. கை தட்டுகிற கூட்டத்தைக் கண்ட பாட்டுக்காரன் வாயை மூடிக்கொண்டிருப்பானா? இடது தோளை உயர்த்தி, கழுத்தைச் சாய்த்து, அப்படியே ஜெயசெல்வியாகிவிட்டார். “ஏல பவுலு, எனக்கு எடது கை மட்டும் லூசா வேணும்ல! வலது கை கோவிச்சிக்கிட்டா அதுக்கு வேற ஜாக்கெட் தச்சிக்கிடுதேன்!”

சிரிப்பு வாசலைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போயிற்று.

“அக்கா, ரெண்டு கையும் கர்த்தர் ஒரே அளவாத்தான் குடுத்துருக்காரு. அளவு ஜாக்கெட் இருக்குல்ல? அது பொய் சொல்லாது. போயிட்டு வாங்க.”

பழைய அளவிலேயே தைத்தார். சுத்தமான வேலை. தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் ஜெயசெல்வி அதே ஜாக்கெட்டோடு மறுபடி வந்தார். அன்று வினோலியா மூலையில் உட்கார்ந்து கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அன்றும் காந்திமதியும் வேறு சிலரும்.

ஜெயசெல்வி கட்டிங் மேசையை ஒட்டி வந்து நின்றார். குரலை மிகவும் தாழ்த்தினார். “பவுலு, செத்த உள்ள வாயேன். ஒரு விஷயம் சொல்லணும்.”

கடைக்கு உள்பக்கம் என்று இருந்தது துணி அடுக்குகிற ஒரு சின்ன மறைப்பு.

“உள்ளயா!” என்று பவுல்ராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எக்கா, பட்டப்பகல்ல என்னைய உள்ள கூப்புடுறீங்களே! எம் பொண்டாட்டி ஊசியோட உக்காந்துக்கினு இருக்கா. கொக்கிய எங் கண்ணுல கட்டிடுவா!”

காந்திமதிக்குச் சிரித்துப் புரையேறியது. வினோலியா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள், நிமிரவே இல்லை. ஜெயசெல்வி ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“சரில. பொறவு வாரேன்” என்றார்.

அவர் படியிறங்கியதும், “பொறவு வாரேன்” என்று அதே குரலில் கடைக்குள்ளிருந்து ஒருமுறை கேட்டது. படியிறங்கியவருக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் வினோலியா, “என்னாங்க, அக்கா ஏதோ தனியா சொல்ல வந்தாங்க போலருக்கு. ஒரு நட வூட்டுக்குப் போயிக் கேட்டுக்கினு வரட்டா?” என்றாள்.

“என்னா சொல்லப் போறாங்க, இத பிரிச்சி வுடு, அத புடிச்சி வுடுன்னுதான். உனுக்கு வேற வேல இல்லியா? கொக்கியக் கட்டு.”

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொயர் துணி வரவில்லை. தாமதமாக வருமென்று, வேறு வேலைகளைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். வரவே இல்லை. பொங்கலுக்குக் கூட்டம் பாதியானது. பெஞ்சில் இடம் இருந்தது, அப்புறம் பெஞ்சில் யாருமே இல்லை. யாரும் சண்டை போடவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தைத்துக்கொடுத்ததை வாங்கிப் போனவர்கள் அடுத்த துணியைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

“ஆன்லைன்ல வாங்கிக்கிறாளுவ” என்றார் பக்கத்து டீக்கடை அன்புமணியிடம்.

“ஆமாண்ணா. ரெடிமேட் வந்துட்டுதுல்ல. இப்பல்லாம் யாருக்கு வெய்ட் பண்ண டைம் இருக்கு” என்றான் அன்புமணி.

கேட்க இதமான பதில். பவுல்ராஜ் அதையே தினமும் ஒரு டீயோடு குடித்தார்.

ஒரு நாள் காந்திமதி வந்தாள். கொடுத்து வெட்டாமல் கிடந்த துணியைத் திருப்பி வாங்கிப்போக வந்திருந்தாள். வெகுநாள் கழித்து ஒரு ஆள் வந்த சந்தோஷத்தில் பவுல்ராஜ் அவள் குரலை எடுத்தார். “‘அண்ணா, எம் புருஷன் கான்ட்ராக்ட்டு, எம் ஜாக்கெட்டாவது பர்மனென்ட்டா இருக்கட்டும்!’ வாம்மா, வா. எங்க போயிட்ட?”

அவள் எப்போதோ சொன்ன வசனம். முன்பெல்லாம் அதற்கு அவளே முதலில் சிரிப்பாள். இப்போது சிரிக்கவில்லை.

“துணியக் குடுங்கண்ணா. நான் போவணும்.”

“ஏம்மா? நான் என்னா பண்ணன்?”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்தபின் சொன்னாள். “ஜெயசெல்வி அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தாங்க. நான்தான் கேட்டன், ஏங்க்கா இப்பிடி ஆயிட்டீங்கன்னு. அவங்க ஊருக்கே போவலண்ணா. மெட்ராஸ்ல ஆபரேஷன். அவங்களுக்கு எடது பக்கம் மாரே இல்ல. எடுத்துட்டாங்க. அதுக்கப்பறம் அந்தக் கை வீங்கிக்கினே இருக்குதாம். முடி போனது மருந்துல. கொயர்ல எல்லாருக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கு.”

பவுல்ராஜின் கை துணிக்கட்டின் மேலேயே நின்றுவிட்டது.

“அந்தப் பக்கத்துக்கு உள்ள, பஞ்சு வெச்சிக்க ஒரு பை மாதிரி வெச்சித் தச்சிக் குடுன்னு கேக்கத்தான் ரெண்டு நட வந்துருக்காங்க. பத்து பொம்பளைங்க முன்னால அத எப்பிடிச் சொல்லுவாங்க? உள்ள வான்னுதான கூப்டாங்க?” காந்திமதி துணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். “நானுந்தாண்ணா சிரிச்சன். பொரயேற சிரிச்சன். அவங்க ஒரு வார்த்த என்னைய சொல்லல. ‘நல்லா இருக்கியா’ன்னுதான் கேட்டாங்க.”

துணியை அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த முறை படியிறங்கிய குரல் திரும்பி வரவில்லை.

பத்திரிகை காந்திமதிக்குப் போயிருக்கிறது. கொயரில் எல்லாருக்கும் போயிருக்கும். பவுல்ராஜுக்கு வரவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு ஜாக்கெட் தைக்க ஒரு ராத்திரியே போதும் அவருக்கு. அந்த ஜாக்கெட்டை மட்டும் தைத்துவிட்டால், என்று அவர் மனசு ஒரே இடத்தில் போய் நின்றது. மற்ற யாரும் திரும்பி வராவிட்டாலும் போகட்டும். பொண்ணோட அம்மா ஜாக்கெட்டை அவர்தான் தைக்க வேண்டும்.

மறுநாள் காலை வினோலியாவையும் அழைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனார். ஆரோன் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஜெயசெல்விதான் கதவைத் திறந்தார்.

“வாங்க பவுல்ராஜ். வாங்க வினோலியா. உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?”

பவுல்ராஜ் உட்காரவில்லை. ‘ஏல’ இல்லை. ‘பவுலு’ இல்லை. செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, மடிப்புக் கலையாமல் வந்தது.

“எக்கா, என்னைய அடிச்சிப்புடுங்க. தெரியாமப் பண்ணிட்டன்.”

“ஐயோ, அதெல்லாம் எதுக்கு? நான் சொல்லல, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க சொல்ல வந்தீங்க. நான்தான் வுடல.”

அதற்கு ஜெயசெல்வி இல்லை என்று சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்து, வீங்கிய இடது கையை மடியில் ஒரு சின்னத் தலையணைமேல் எடுத்து வைத்துக்கொண்டார், தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல.

“வீட்டுலேர்ந்து உங்க கடை வரைக்கும் மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். எப்படிச் சொன்னா நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு. முதல் தடவை வேற மாதிரி சொல்லிட்டேனோன்னு, ரெண்டாவது தடவை வேற வார்த்தையா யோசிச்சிட்டு வந்தேன். வினோலியாகிட்டயாவது சொல்லிடலாம்னு பாத்தேன். அவங்க தலையே நிமிரல.”

வினோலியா அழ ஆரம்பித்தாள்.

“அழாதீங்கம்மா. நான் கோவத்துல சொல்லல.” பிறகு பவுல்ராஜைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். “நான் பேசுறது அவ்வளவு சிரிப்பாவா இருக்கு? இப்பல்லாம் காய்கறிக் கடையில கூட யோசிச்சித்தான் பேசுறேன்.”

பவுல்ராஜிடம் நூறு குரல் இருந்தது. இப்போது தன் குரலில்தான் பேச வேண்டியிருந்தது.

“எக்கா, கல்யாண ஜாக்கெட்ட எங்கிட்ட குடுங்க. வினோலியா அளவு எடுக்கட்டும். நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடி. நான் வாயே தொறக்கல” என்றார்.

“குடுத்துட்டேனே தம்பி. வடலூர்ல ஒரு பொண்ணு இருக்கு. இசைப்பிரியான்னு பேரு. இப்பதான் தைக்கப் பழகியிருக்கு.”

“பழகுற பொண்ணா? கல்யாண ஜாக்கெட்டயா?” தாங்கமுடியாமல் வந்துவிட்டது அவருக்கு. “கழுத்த கெடுத்துடும்க்கா.”

“கெடுத்துதான் வெச்சிருக்கு. உங்களைப் போல வருமா?” என்று லேசாகச் சிரித்தார். “ஆனா நான் போனதும் அந்தப் பொண்ணு கதவச் சாத்திட்டு, ‘எங்க வலிக்குதும்மா, மொதல்ல அதச் சொல்லுங்க, அப்பறம் அளவு எடுக்கலாம்’னு கேட்டுது. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சி. நான் அழுது முடிக்கிற வரைக்கும் டேப்பக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துது.”

“வேற ஒண்ணாவது குடுங்க. சும்மா கட்டுறதுக்கு…”

“வேணாம் தம்பி. நீங்க நல்லாத்தான் தைப்பீங்க. போட்டுக்குறப்பல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேக்கும்.”

எழுந்துபோய்ப் பத்திரிகை எடுத்துவந்தார். பெயர் ஏற்கனவே எழுதியிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார். “கொண்டாந்து குடுக்கணும்னுதான் இருந்தேன். கடைப்படி ஏறத்தான் வரல. கண்டிப்பா வந்துடுங்க.”

கல்யாணத்துக்குப் போனார்கள். போகாமல் இருக்க முடியவில்லை, போய் எங்கே நிற்பது என்றும் தெரியவில்லை. சர்ச் வாசலில் தூணோரமாக ஒதுங்கி நின்றார் பவுல்ராஜ். கொயர் பெண்கள் வெளிர்நீலப் புடவையில் வரிசையாகப் போனார்கள். ஒருத்தி ஜாக்கெட்டில் தோள் இறங்கியிருந்தது, ஒருத்தி முதுகில் சுருக்கம். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் ஜெயசெல்வியைப் பார்த்தார். அரக்கு நிறப் பட்டு. பின்கழுத்து நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கழுத்துப் பட்டி பிசிறாக இருந்தது. பவுல்ராஜின் விரல்கள் தன்னையறியாமல் காற்றில் அந்தத் துணியை இழுத்துச் சரிசெய்தன. முன்பக்கம் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. தெரியாதவர் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். “ஏட்டி! இங்கன வாங்கட்டி எல்லாரும்! எம்புட்டு நேரமா பாத்துட்டுக் கெடக்கேன்!” என்று ஜெயசெல்வி கத்தினார். முழுத் திருநெல்வேலி. ஒரு எழுத்து தேயாத குரல். கேட்டதும் பவுல்ராஜின் முகம் மலர்ந்துவிட்டது, ஓரடி முன்னால்கூட வந்துவிட்டார்.

ஜெயசெல்வி திரும்பினார். அவரைப் பார்த்தார்.

“வாங்க பவுல்ராஜ். வந்ததுல ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும்.”

“சரிங்க்கா” என்றார்.

அதற்குள் வேன் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஜெயசெல்வி வீங்கிய இடது கையைத் தலைக்கு மேலே, முழுசாக, நோகாமல் தூக்கி ஆட்டிக்கொண்டே அவர்களை நோக்கி நடந்தார். ஜாக்கெட்டின் கை எங்கேயும் இழுத்துப் பிடிக்கவில்லை.